ஒன்பதாம் வசனம்

அன்புள்ள ஐயா,

மார்த்தாண்டத்தை அடுத்த ஓர் அண்டியாபீஸில், அதாவது முந்திரிப்பருப்புத் தொழிற்சாலையில், நான் பன்னிரண்டு ஆண்டுகளாகக் கணக்கும் மேற்பார்வையும் பார்த்து வருகிறேன். எங்கள் முதலாளி நான் போகும் சபையைச் சேர்ந்தவர். ஆண்டுதோறும் மே முதல் தேதி தொழிற்சாலையில் ஜெபக்கூட்டம் நடத்துவார். இம்முறை வேதபாடம் வாசிக்கும் பொறுப்பை என்னிடம் தந்து, எபேசியர் 6ஆம் அதிகாரம் 5 முதல் 8 வரை வாசிக்கும்படி குறித்தும் கொடுத்திருக்கிறார். ‘வேலைக்காரரே, எஜமான்களுக்குப் பயத்தோடும் நடுக்கத்தோடும் கீழ்ப்படியுங்கள்’ என்ற பகுதி அது.

இதை என் நண்பர் ஒருவரிடம் சொன்னபோது, அவர் கிறிஸ்தவர் அல்லர், ‘உங்கள் வேதம் அடிமைமுறையை ஒத்துக்கொண்ட வேதம்தானே’ என்று கேட்டார். வேதத்தில் வரும் அடிமைமுறை அமெரிக்காவில் நடந்தது போன்றதல்ல, வீட்டு வேலைக்காரரை வைத்திருந்தது போன்றது என்று பதில் சொன்னேன். அந்தப் பதில் எனக்கே நிறைவாக இல்லை.

எங்களிடம் வேலை செய்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள். உடைத்துத் தரும் பருப்பின் எடைக்குத்தான் கூலி. நூறு கிராமுக்குக் குறைந்த மீதியை எழுதுவதில்லை என்பது முன்பிருந்தே உள்ள வழக்கம். நானும் அப்படியே எழுதுகிறேன். மகள் கல்யாணத்துக்கோ ஆஸ்பத்திரிச் செலவுக்கோ முன்பணம் வாங்கியவர்கள் அது தீரும்வரை வேறு ஆபீஸுக்குப் போகக்கூடாது. மற்றபடி முதலாளி நல்லவர், கொடுமைக்காரர் அல்லர். அந்தப் பகுதியை நான் வாசிக்கலாமா? கிறிஸ்தவ வேதம் அடிமைகளைப் பற்றிச் சொன்னது இன்றைய வேலைக்குப் பொருந்துமா? என் பெயரைத் தவிர்த்துவிடுங்கள்.

வாசகர், கன்னியாகுமரி மாவட்டம்

*

அன்புள்ள நண்பருக்கு,

நண்பரிடம் நீங்கள் சொன்ன பதிலிலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் அது சரியான பதில் அல்ல. ரோமப் பேரரசின் அடிமைமுறை நிறத்தை வைத்து அமைந்ததல்ல என்பதும், அடிமைகளில் மருத்துவர்களும் ஆசிரியர்களும் இருந்தார்கள் என்பதும், சிலர் பணம் சேர்த்து விடுதலை பெற்றார்கள் என்பதும் உண்மை. ஆனால் அந்த அடிமையின் உடல் அவனுடையது அல்ல. அவனை அடிக்கலாம், விற்கலாம், சிலுவையில் அறையலாம். பேதுருவின் முதலாம் நிருபம் முரட்டுக்குணமுள்ள எஜமான்களுக்கும் கீழ்ப்படியச் சொல்லிவிட்டு, அடுத்த வரிகளிலேயே அடி வாங்குவதைப் பற்றிப் பேசுகிறது. அதை வீட்டு வேலையோடு ஒப்பிடுவது அடிபட்டவர்களுக்குச் செய்யும் அநியாயம். அடிமைகளை உடனே விடுதலை செய்யுங்கள் என்று எஜமான்களுக்குக் கட்டளையிடும் ஒரு வசனம் புதிய ஏற்பாட்டில் இல்லை என்பதை உங்கள் நண்பரிடம் ஒப்புக்கொண்டுவிட்டே நாம் மேற்கொண்டு பேச முடியும்.

சபையின் வரலாறும் இந்த இரட்டைத் தன்மை கொண்டதுதான். நான்காம் நூற்றாண்டில் நிசாவின் கிரகோரியார் என்ற ஆயர், தேவசாயலாகப் படைக்கப்பட்ட மனிதனுக்கு எவன் விலை போட முடியும் என்று அடிமை வைத்திருப்பதையே கண்டித்துப் பிரசங்கம் செய்தார். சில பத்தாண்டுகளில் அகஸ்டின் அதைப் பாவத்தால் விளைந்த நிலை என்று விளக்கி, பொறுத்துக்கொள்ளும் வழியைத் திறந்துவைத்தார். பின்வந்தவர்களில் பலர் நடந்தது அகஸ்டின் காட்டிய வழியில். நற்செய்தி பரப்புவதற்கென்றே இங்கிலாந்தில் ஏற்பட்ட ஒரு சங்கம் பார்படோஸ் தீவில் கரும்புத் தோட்டம் வைத்திருந்தது. அந்தத் தோட்டத்து அடிமைகளின் மார்பில் ‘சங்கம்’ என்று பொருள்படும் ஆங்கிலச் சொல்லைச் சுட்டு முத்திரையிட்டார்கள். 1807இல் லண்டனில், மேற்கிந்தியத் தீவுகளின் அடிமைகளுக்கென்றே வேதாகமத்தின் ஒரு பகுதிப் பதிப்பு அச்சானது. இஸ்ரவேலர் எகிப்தின் அடிமைத்தனத்திலிருந்து வெளியேறும் கதை அதில் இல்லை. அடிமையென்றும் சுயாதீனனென்றும் இல்லை என்ற கலாத்தியர் வசனமும் இல்லை. உங்கள் முதலாளி குறித்துக் கொடுத்த எபேசியர் 6:5 இருந்தது. அதே 1807இல்தான் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் அடிமை வணிகத்தைத் தடைசெய்தது, அதற்காகப் பல்லாண்டு போராடியவர்களில் முன்னின்றவர்களும் கிறிஸ்தவர்களே.

இனி அந்த வசனத்துக்கு வருகிறேன். நாம் சிறுவயதிலிருந்து படித்த பழைய தமிழ் வேதாகமத்தில் அது ‘வேலைக்காரரே’ என்று தொடங்குகிறது. உங்கள் ஊரில் கத்தோலிக்க வீடுகளுக்குப் பஞ்சமில்லை. ஒரு வீட்டில் திருவிவிலியத்தை வாங்கி அதே இடத்தைப் பாருங்கள். அங்கே ‘அடிமைகளே’ என்று இருக்கும். கிரேக்க மூலத்தில் உள்ள சொல் ‘தூலோஸ்’, அதன் நேர்ப்பொருள் அடிமை. நம்முடைய பழைய மொழிபெயர்ப்பு இந்த ஒரே சொல்லை இடத்துக்கு ஏற்ப மூன்று விதமாகப் பெயர்த்திருக்கிறது. இந்த நிருபங்களை எழுதிய பவுல் தன்னைப் பற்றிச் சொல்லும்போது ‘இயேசுகிறிஸ்துவின் ஊழியக்காரன்’ என்கிறது. பிலிப்பியரில் கிறிஸ்து தம்மை வெறுமையாக்கியதைச் சொல்லும்போது ‘அடிமையின் ரூபமெடுத்து’ என்கிறது. எபேசியரில் எஜமான்களுக்குக் கீழே இருப்பவர்களை விளிக்கும்போது ‘வேலைக்காரரே’ என்கிறது. மொழிபெயர்த்தவர்களுக்கு இதில் உள்நோக்கம் இருந்தது என்று சொல்ல மாட்டேன், 1611இல் வந்த ஆங்கிலத்துக் கிங் ஜேம்ஸ் வேதாகமமும் அந்த இடத்தில் பணியாளர் என்று பொருள்படும் சொல்லையே இட்டது. ஆனால் விளைவு என்னவென்றால், விலைக்கு வாங்கப்பட்ட ஒருவனிடம் அவனாக விட்டுப்போக முடியாத நிலையில் சொல்லப்பட்ட ஆறுதலும் எச்சரிக்கையும், வாரக்கூலி வாங்கும் ஒரு பெண்ணுக்கு இடப்பட்ட கட்டளையாக மாறிவிட்டது.

‘ஊழியம்’ என்ற சொல்லையும் நம் மாவட்டத்துக்காரர்கள் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். இன்று நமக்கு அது போதகர் செய்யும் திருப்பணி. திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் அது கூலியில்லாத கட்டாய வேலைக்குப் பெயர். சர்க்காருக்கும் கோவிலுக்கும் ஒடுக்கப்பட்ட சாதியார் செய்தே தீர வேண்டிய வேலை. பிரிட்டிஷ் ரெசிடெண்டாக இருந்த கர்னல் மன்றோ காலத்தில் ஞாயிற்றுக்கிழமை ஊழியத்திலிருந்து கிறிஸ்தவர்களுக்கு விலக்கு கிடைத்தது அக்காலத்து மக்களுக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்பதை, ஞாயிறு ஆராதனைக்குத் தாமதமாக வரும் நாம் நினைத்துப் பார்ப்பதில்லை.

ஊழியத்துக்கும் கீழே இருந்தது அடிமைத்தனம். புலையரும் பறையரும் நிலத்தைப் போலவே விற்கவும் ஒற்றி வைக்கவும் பாட்டத்துக்கு விடவும் பட்டார்கள். அவர்களை வைத்திருந்தவர்களில் சுரியானிக் கிறிஸ்தவர்களும் உண்டு. பிரிட்டிஷ் இந்தியாவில் 1843ஆம் ஆண்டின் ஐந்தாம் சட்டம் அடிமை உரிமையை நீதிமன்றங்கள் ஏற்கக் கூடாது என்றது. சமஸ்தானத்தில் அது செல்லாது. 1847இல் மிஷனரிகள் உத்திரம் திருநாள் மகாராஜாவிடம் மனுக் கொடுத்தார்கள். 1853இல் அரைகுறையாக ஓர் அரசு அறிவிப்பும், 1855இல் அடிமைமுறையை முழுமையாக நீக்கும் அறிவிப்பும் வந்தன. அதற்கு முன்பே நாகர்கோவிலில் மிஷனரி மால்ட் அம்மையாரின் பள்ளியில் லேஸ் பின்னக் கற்ற அடிமைப் பெண்களில் சிலர், அந்தக் கூலியைச் சேர்த்து வைத்துத் தங்கள் விலையைக் கொடுத்து விடுதலை பெற்றதாக மிஷன் பதிவுகள் சொல்கின்றன. என் அம்மாவும் லேஸ் பின்னியவர். தலையணையைத் திண்ணையில் வைத்துக்கொண்டு கண் கெட்டுப்போகும்வரை பின்னுவார். வாங்கிப்போகும் ஏஜெண்டு கணக்கைக் கிறிஸ்துமஸ்வரை இழுப்பார், கேட்டால் ‘நாமெல்லாம் ஒரே சபைதானே’ என்பார். கூலியால் விடுதலையை வாங்கிய பெண்களையும், கூலியைக் கேட்க வெட்கப்பட்ட என் அம்மாவையும் நான் சேர்த்தே நினைத்துக்கொள்கிறேன்.

இப்போது உங்கள் கேள்விக்கு நேரான பதில். அடிமைகளைப் பற்றிய வேதபோதனை இன்றைய வேலைக்குப் பொருந்துமா என்றால், பாதி பொருந்தும். எஜமானுக்குச் சொல்லப்பட்ட பாதி. அடிமைக்குக் கூலி இல்லை, தானாக விட்டுப்போகும் உரிமை இல்லை, முறையிட நீதிமன்றம் இல்லை. அவனிடம் பவுல் இங்கே சொல்வது அவனுடைய உள்ளம் எஜமானுடைய சொத்து அல்ல என்பதுதான். தொழிலாளிக்குக் கூலியும் ஒப்பந்தமும் சட்டமும் உண்டு. எனவே அடிமைக்குச் சொன்னதை எடுத்து அவள்மேல் வைக்க முடியாது. ஆனால் விலைக்கு வாங்கிய மனிதனிடமே இப்படி நடந்துகொள் என்று எஜமானுக்குச் சொன்னது, விலைக்கு வாங்காத மனிதரிடம் இன்னும் அழுத்தமாகச் செல்லும். கொலோசெயர் 4:1 ‘வேலைக்காரருக்கு நீதியும் செவ்வையுமானதைச் செய்யுங்கள்’ என்கிறது. உங்களுக்குக் குறித்துக் கொடுத்த பகுதி நின்றுபோகும் இடத்துக்கு அடுத்த வரி, எபேசியர் 6:9, ‘எஜமான்களே’ என்று தொடங்கி, ‘கடுஞ்சொல்லை விட்டுவிடுங்கள்’ என்று முடிகிறது. பரலோகத்தில் இருக்கும் எஜமானிடத்தில் பட்சபாதம் இல்லை என்பதும் அதே வரியில்தான் இருக்கிறது.

அப்படியானால் தொழிலாளிக்குக் கடமையே இல்லையா என்று நீங்கள் கேட்கலாம். மனுஷர் பார்க்கும்போது மட்டும் வேலை செய்யாதிருப்பது எந்த வேலைக்கும் உரிய நேர்மை, அதை அவளே தன் மனசாட்சிக்காகக் கடைப்பிடிப்பாள். கிறிஸ்துவுக்குச் செய்வதுபோல எனக்குச் செய் என்று முதலாளி கேட்டு வாங்குவது வேறு. தொழிலாளியைப் பற்றி வேதம் நேராகப் பேசும் இடங்களும் இருக்கின்றன. கூலிக்காரனின் கூலி விடியும்வரை உன்னிடம் இருக்கக் கூடாது என்கிறது லேவியராகமம் 19ஆம் அதிகாரம். பொழுது போகுமுன் கொடுத்துவிடு என்கிறது உபாகமம் 24. பிடித்துவைத்த கூலியே கூக்குரலிடுகிறது என்கிறார் யாக்கோபு. மே முதல் தேதிக்கு இவற்றை யாரும் குறித்துக் கொடுப்பதில்லை.

முன்பணத்தைப் பற்றி நீங்கள் எழுதியதில் எனக்குக் கவலை உண்டு. கடனுக்காக வேறிடத்தில் வேலை செய்யும் சுதந்திரத்தை ஒருவர் இழந்தால், 1976ஆம் ஆண்டின் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் அதைக் கொத்தடிமை என்றே வரையறுக்கிறது. முதலாளி நல்லவரா கெட்டவரா என்று அது கேட்பதில்லை. குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே வேலை வாங்குவதும் அரசியல் சாசனத்தின் 23ஆம் பிரிவு விலக்கிய கட்டாய உழைப்பே என்று 1982இல், ஏசியாட் என்ற ஆசிய விளையாட்டுப் போட்டியின் கட்டுமானத் தொழிலாளர் வழக்கில், உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. பிலேமோனுக்கு எழுதிய கடிதத்தில் ஒநேசிமு என்ற அடிமையை அவனுடைய எஜமானான அந்தப் பிலேமோனிடமே திருப்பி அனுப்பும் பவுல், அவன் ஏதாவது கடன்பட்டிருந்தால் ‘நான் அதைச் செலுத்தித் தீர்ப்பேன்’ என்று தன் கையாலேயே எழுதிக் கொடுக்கிறார். அவனை இனி அடிமையாக அல்ல, பிரியமுள்ள சகோதரனாக ஏற்றுக்கொள்ளச் சொல்கிறார். அவனைத் திருப்பி அனுப்பாமலே இருந்திருக்கலாம் என்று எனக்குப் படும், தப்பி வந்த அடிமையை எஜமானிடம் ஒப்படைக்கக் கூடாது என்று உபாகமம் 23 சொல்கிறதே. ஆனாலும் சகோதரன் என்று அழைக்கத் துணிந்தவர் கடனையும் சேர்த்தே பேசினார் என்பதைக் கவனியுங்கள். ஒரே சபை என்று சொல்லும் முதலாளிமார் அந்தக் கடிதத்தில் பாதியைத்தான் வாசித்திருக்கிறார்கள்.

அடுத்தது நீங்கள் ஒரே வரியில் சொல்லிக் கடந்துவிட்ட எடை விஷயம். முதலாளிக்கு நீங்கள் வேலைக்காரர், அந்தப் பெண்களுக்கு நீங்களே எஜமான். தராசு இருப்பது உங்கள் கையில். முந்திரிக்கொட்டையின் அண்டிப்பால் பட்டுத் தோல் கருகாமலிருக்கச் சாம்பல் பூசிக்கொண்டு நாள் முழுக்க உடைத்தவள், தொண்ணூறு கிராம்வரை தினமும் உங்கள் பேரேட்டில் விட்டுவிட்டுப் போகிறாள். அது வழக்கம் என்கிறீர்கள். ஞாயிற்றுக்கிழமை ஊழியமும் வழக்கமாகத்தான் இருந்தது.

வாசிக்கலாமா என்று கேட்டீர்கள். வாசியுங்கள், மறுக்க வேண்டாம். எட்டில் நிறுத்தாமல் ஒன்பதையும் சேர்த்து வாசியுங்கள். முதலாளிக்கு அது திடீரென்று இராதபடி, ஒன்பதையும் வாசிக்கப்போகிறேன் என்று முதல்நாளே தனியாகச் சொல்லிவிடுங்கள். நீங்கள் சொல்வதுபோல் நல்லவரானால் மறுக்க மாட்டார். மேக்கு இன்னும் சில வாரங்கள் இருக்கின்றன. அதற்குள் நூறு கிராமுக்குக் கீழே உள்ளதையும் எழுதத் தொடங்கிவிடுங்கள். அவர் கேட்டால் லேவியராகமம் 19ஆம் அதிகாரத்தின் கடைசி வசனங்களைக் காட்டலாம். சுமுத்திரையான, அதாவது சரியான, தராசைப் பற்றி அங்கே சொல்லியிருக்கிறது.

அன்புடன்.