ரப்பர் பொம்மையும் எச்சில் பாட்டிலும்

கேள்வி: 'தி திங்' (1982) திரைப்படத்தைத் திகில் படங்களின் சிகரம் என்று சென்ற இதழில் எழுதியிருந்தீர்கள். நம்பி, இரவு ஒரு மணி வரை விழித்திருந்து பார்த்தேன். ரப்பர் பொம்மைகள், வாளி வாளியாகச் சிவப்புச் சாயம். பன்னிரண்டு ஆண்கள், ஒருவனுக்காவது குடும்பம், பழைய கதை என்று ஏதாவது உண்டா? இறப்பவன் யார் என்றே தெரியாதபோது எனக்கு எதற்குப் பயம் வர வேண்டும்? போதாக்குறைக்கு முடிவும் இல்லை. கடைசியில் மிஞ்சும் இருவரில் யார் அந்த ஜந்து? அதையாவது சொல்லுங்கள். – ஒரு வாசகர், தாம்பரம்

பதில்: 'இறப்பவன் யார் என்றே தெரியாதபோது...' நான் மூன்று பத்தி எழுதியும் சொல்ல முடியாததை அரை வரியில் சொல்லிவிட்டீர்கள். பொறாமையாக இருக்கிறது. என்ன, அதைப் புகார் என்று நினைத்துக்கொண்டு எழுதியிருக்கிறீர்கள்.

படம் பார்க்காத வாசகர்களுக்காக: அண்டார்டிக்காவில் ஓர் அமெரிக்க ஆய்வு நிலையம். குளிர்காலம் தொடங்குகிறது, வெளியுலகத் தொடர்பு இல்லை. பனிக்கு அடியில் யுகக்கணக்கில் உறைந்து கிடந்த வேற்றுக்கிரக உயிர் ஒன்று உள்ளே வந்துவிடுகிறது. அது எதை விழுங்குகிறதோ அதன் அச்சாகவே மாறிவிடும். நாயை விழுங்கினால் நாய், ஆளை விழுங்கினால் ஆள். நடை, குரல், நக்கல் பேச்சு எதிலும் வேறுபாடு தெரியாது.

ஆள்மாறாட்டத் திகில் இதற்கு முன்பும் வந்ததுதான். 1956இல் வந்த 'இன்வேஷன் ஆஃப் தி பாடி ஸ்னாட்சர்ஸ்' படத்தில் ஒரு பெண், "இவர் என் மாமாவே இல்லை" என்று அழுவாள். முகம் அதே, நினைவுகள் அதே, ஆனால் கண்ணில் பழைய பிரியம் இல்லை என்பாள். அவளுக்குத் தெரிகிறது, ஊர்தான் நம்ப மறுக்கிறது. ஜான் கார்ப்பெண்டர் எடுத்த 'தி திங்' படத்தில் அப்படிச் சொல்ல ஒருவருமில்லை. சமையற்காரன் மாறிவிட்டானா என்று கண்டுபிடிக்க, மாறுவதற்கு முன் அவன் எப்படி இருந்தான் என்று யாருக்காவது தெரிந்திருக்க வேண்டுமே! ஒன்றாகச் சாப்பிடுகிறார்கள், சீட்டாடுகிறார்கள். ஒருவனைப் பற்றி மற்றவனுக்கு வேலைக்கு மேல் எதுவும் தெரியாது. நாயகன் மாக்ரெடி (நடித்தவர் கர்ட் ரஸ்ஸல்) ஹெலிகாப்டர் ஓட்டுவான், குடிப்பான், கம்ப்யூட்டரிடம் செஸ்ஸில் தோற்றால் அதன் வயிற்றில் விஸ்கியை ஊற்றுவான். அவனைப் பற்றி நமக்கும் அவ்வளவுதான் தெரியும். நீங்கள் கேட்ட குடும்பப் புகைப்படத்தை ஒருவன் பெட்டியிலிருந்து எடுத்துக் காட்டியிருந்தால் 'பாவம், இவன் மனிதன்' என்று நிம்மதியாக உட்கார்ந்திருப்பீர்கள். அந்த நிம்மதியைத்தான் திரைக்கதை எழுதிய பில் லங்காஸ்டர் உங்களுக்குக் கொடுக்கவில்லை.

இரத்தப் பரிசோதனைக் காட்சியை இன்னொரு முறை பாருங்கள். இந்த உயிரின் ஒவ்வொரு துளியும் தனி உயிர், ஆபத்து வந்தால் தன்னைக் காத்துக்கொள்ளத் துடிக்கும் என்பது மாக்ரெடியின் ஊகம். எல்லோரையும் கட்டிப்போட்டு, கட்டைவிரலைக் கீறி, ஆளுக்கொரு கண்ணாடித் தட்டில் இரத்தம் எடுக்கிறான். கம்பியைப் பழுக்கக் காய்ச்சித் தட்டில் வைக்கிறான். சுர்ரென்கிறது, அடங்கிவிடுகிறது. முதலாமவன் மனிதன். அடுத்து மாக்ரெடியே, அவனும் மனிதன். பிறகு, சற்றுமுன் அவன் சுட்டுக்கொன்ற கிளார்க்கின் இரத்தம். அதுவும் சுர்ரென்று அடங்குகிறது. அப்படியானால் நீ கொலைகாரன் என்கிறான் கட்டுண்டிருக்கும் மெக்கானிக் சைல்ட்ஸ். மாக்ரெடி பதில் சொல்வதில்லை, அடுத்த தட்டை எடுக்கிறான். நிலையத் தலைவர் கேரி, இதெல்லாம் சுத்தப் பைத்தியக்காரத்தனம் என்று கத்துகிறார். உன்னைக் கடைசியில் பார்த்துக்கொள்கிறேன் என்று அவர் பக்கம் திரும்பிப் பேசியபடியே மாக்ரெடி கம்பியை வேறொருவன் தட்டில் வைக்கிறான். அவன் கவனம் கேரியிடம், நம் கவனமும் கேரியிடம். அந்த நொடியில் தட்டிலிருக்கும் இரத்தம் அலறிக்கொண்டு துள்ளுகிறது. நான் ஏழெட்டு முறை பார்த்திருப்பேன். எந்தத் தட்டு என்று தெரிந்தும் தோள் குலுங்குகிறது.

துள்ளியது பால்மரின் இரத்தம். இதற்குச் சில நிமிடங்கள் முன்பு, ஒருவனுடைய அறுந்த தலை சிலந்திக் கால்கள் முளைத்துத் தரையில் நடக்கும்போது, இது என்ன விளையாட்டா என்கிற பாவனையில் வாயைப் பிளந்தவனும் இதே பால்மர்தான். ஜந்துவே ஜந்துவைப் பார்த்து அதிசயிக்கிறது! எவ்வளவு நல்ல நடிகன் பாருங்கள்.

பரிசோதனையில் கேரி மனிதர் என்று தெரிந்த பிறகு, மீதிக் குளிர்காலத்தையும் இந்தச் சோபாவிலேயே கட்டுண்டு கழிக்க விருப்பமில்லை என்று மெல்லிய குரலில் தொடங்கி ஒரு கத்துக் கத்துவார். இரத்தச் சகதிக்கு நடுவே அரங்கமே சிரிக்கும் இடம் அது. இவர் யார் என்றே தெரியாது என்கிறீர்கள்.

ரப்பருக்கு வருவோம். ஆமாம், ரப்பர்தான். கூடவே உருக்கிய பபிள்கம், ஸ்ட்ராபெர்ரி ஜாம், மயோனைஸ். செய்தவர் ராப் பொட்டின். வேலை நடந்தபோது வயது 22. ஓராண்டுக்கு மேல் ஓய்வில்லாமல் உழைத்து, உடல் ஓய்ந்து மருத்துவமனையில் படுத்தார். நாய்க் கூண்டில் வரும் உருவத்துக்கு ஸ்டான் வின்ஸ்டன் கைகொடுத்தார். மார்பு வாயாகப் பிளந்து டாக்டரின் கைகளைக் கடிக்கும் காட்சியில், உண்மையிலேயே கைகளை இழந்த ஒருவரை நிறுத்தி, போலிக் கைகளைப் பொருத்தி எடுத்தார்கள். அந்த ரப்பர் ஜந்து நடிகர்களின் முன்னால் கிடந்தது. அதன் ஈரத்தில் விளக்கு மின்னியது. 2011இல் இதன் முன்கதை என்று ஒரு படம் வந்தது. அதற்கும் பொம்மைகள் செய்தார்கள், பிறகு பெரும்பாலும் கணினி உருவங்களால் மூடிவிட்டார்கள். அதில் ஒரு ஜந்துவாவது உங்கள் நினைவில் நிற்கிறதா?

1982இல் உங்கள் கட்சிதான் பெரும்பான்மை. ஜூன் 11 அன்று 'ஈ.டி.' வந்து, வேற்றுக்கிரகவாசியைக் குழந்தைகள் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்த நேரம். இரண்டு வாரம் கழித்து, ஜூன் 25 அன்று, இது வந்தது. நியூயார்க் டைம்ஸ் விமர்சகர் குப்பை என்றே எழுதினார். ஒன்றரைக் கோடி டாலரில் எடுத்த படம் அமெரிக்கத் திரையரங்குகளில் இரண்டு கோடியைக்கூடத் தொடவில்லை. என்னியோ மோரிக்கோனியின் இசை, ஆண்டின் மிக மோசமான இசைக்கான ராஸி பரிசுக்கு முன்மொழியப்பட்டது. இந்தப் படத்துக்காக எழுதிப் பயன்படாமல் போன துண்டுகள் சில 2015இல் 'தி ஹேட்ஃபுல் எயிட்' படத்தில் இடம்பெற, அந்தப் படத்தின் இசைக்கு அவர் ஆஸ்கர் வாங்கினார். அதிலும் பனி, அதிலும் கர்ட் ரஸ்ஸல்.

உங்களுக்கு விட்டுக்கொடுக்க என்னிடமும் ஒன்றிரண்டு உண்டு. சமையற்காரன் நால்ஸ் கடைசிப் பகுதியில் ஒரு வாசலுக்குள் நடந்து போகிறான், அத்தோடு காணாமல் போகிறான். மர்மம் என்று வாதாடலாம். எனக்கு அது வெறும் ஓட்டை. உலகம் முழுவதும் தொற்ற 27,000 மணி நேரம் என்று கம்ப்யூட்டர் திரை கணக்குச் சொல்வதும் பள்ளிக்கூடப் பாடம் போலிருக்கிறது.

ஆனால் தொடக்கத்தைக் குறை சொல்ல விடமாட்டேன். பனிவெளியில் ஒரு நாய் ஓடுகிறது. ஹெலிகாப்டரிலிருந்து நார்வேக்காரன் ஒருவன் அதைச் சுடுகிறான், பிறகு தரையில் இறங்கித் துரத்துகிறான். ஏதோ கத்துகிறான். அவனுக்குப் பைத்தியம் என்று நினைத்து கேரி சுட்டுவிடுகிறார். அவன் கத்தியது: இது நாய் அல்ல, நாயைப் போல வேடம் போட்டிருக்கிறது, விலகிப் போங்கள். மொழிபெயர்ப்பு எழுத்து திரையில் வராது. நார்வேக்காரர்களுக்கு முதல் சில நிமிடங்களிலேயே கதை முழுவதும் தெரிந்துவிடும். அமெரிக்கர்களுக்கோ ஒன்றும் புரியவில்லை; மாக்ரெடி நார்வேக்காரர்களை 'ஸ்வீடன்காரர்கள்' என்றே சொல்லிக்கொண்டிருக்கிறான். கூட இருப்பவர் திருத்த வேண்டியிருக்கிறது.

இனி உங்கள் கடைசிக் கேள்வி. நிலையம் எரிகிறது. மாக்ரெடியும் சைல்ட்ஸும் எதிரெதிரே பனியில் உட்கார்ந்திருக்கிறார்கள். சைல்ட்ஸின் வாயிலிருந்து மூச்சுப் புகை சரியாகத் தெரியவில்லை, ஆகவே அவன்தான் என்று துப்பறிவோர் சொல்வார்கள். நிலைய ஆட்களில் ஒருவனான பென்னிங்ஸ் பாதி மாறிய நிலையில் பனியில் நின்று ஊளையிடும்போது புகை நன்றாகவே வருகிறது என்பதை மறந்துவிடுவார்கள். நான் மூச்சைப் பார்ப்பதில்லை, பாட்டிலைப் பார்க்கிறேன்.

படத்தின் நடுவில் நிலையத்து ஆய்வாளன் ஃபூக்ஸ் ஒரு விதி சொல்வான்: துணுக்கு ஒன்று உடலுக்குள் போனாலே ஆள் மாறிவிடலாம், ஆகவே அவரவர் சாப்பாட்டை அவரவரே செய்துகொள்ளுங்கள், டப்பாவில் அடைத்ததை மட்டும் சாப்பிடுங்கள். நம் பாட்டிமார் கேட்டால் எச்சில் பார்ப்பது என்பார்கள், வேறொன்றுமில்லை. கடைசிக் காட்சியில் மாக்ரெடி தான் குடித்துக்கொண்டிருந்த விஸ்கி பாட்டிலை நீட்டுகிறான். சைல்ட்ஸ் துடைக்கக்கூட இல்லை, வாங்கிக் குடிக்கிறான். மாக்ரெடி இலேசாகச் சிரிக்கிறான்.