பில்லை யார் கட்டுகிறார்கள்?

அன்புள்ள சார்,

லாஸ் ஏஞ்சல்ஸ் உணவு விமர்சகர் ஜொனதன் கோல்ட் பற்றி நீங்கள் எழுதிய குறிப்பைப் படித்தேன். உள்ளூர்ப் பத்திரிகைகள் மூடப்படுவது, உணவைப் பற்றிய எழுத்து ஒழிவது, பொது வானொலிக்கு மானியம் நின்றது மூன்றும் ஒரே இழப்புதான் என்று போகிற போக்கில் சொல்லியிருந்தீர்கள். எனக்கு அது மிகையாகப் பட்டது.

நான் பதினான்கு வருடமாக ஆரஞ்சு கவுண்டியில், எர்வைனில் இருக்கிறேன். ஒரு உள்ளூர்ப் பேப்பர்கூடக் காசு கொடுத்து வாங்கியதில்லை. எனக்கு என்ன குறைந்துவிட்டது? எங்கே தோசை நன்றாக இருக்கும் என்று வாட்ஸப் குழுவில் கேட்டால் ஐந்து நிமிடத்தில் பதில் வருகிறது. ஆர்டீசியாவில் பயனியர் புலவார்டில் புதுக் கடை திறந்தால் நம் ஆட்களே யூடியூபில் வீடியோ போட்டுவிடுகிறார்கள். தட்டில் என்ன இருக்கிறது என்று கண்ணாலேயே பார்த்துவிடலாம். வெள்ளைத் துணி விரித்த மேசையில் வைன் குடித்துக்கொண்டு யாரோ எழுதும் விமர்சனம் எனக்கு எதற்கு? வானொலியும் அப்படித்தான். கேட்பவர்கள் வசதியானவர்கள், அவர்களே காசு கொடுக்கட்டுமே. என் வரிப்பணம் ஏன்?

கோபத்தில் எழுதவில்லை. உண்மையிலேயே புரியவில்லை.

ர.
எர்வைன், கலிபோர்னியா

*

அன்புள்ள ர.,

தோசைக் கடை கண்டுபிடிக்கப் பத்திரிகை வேண்டியதில்லைதான். அந்த விஷயத்தில் உங்கள் வாட்ஸப் குழுவை எந்த விமர்சகரும் ஜெயிக்க முடியாது.

நீங்கள் எர்வைன் என்று குறிப்பிட்டது நல்லதாயிற்று. உங்கள் கவுண்டியில், நீங்கள் அங்கே இருக்கும்போதே நடந்த சாப்பாட்டு விஷயம் ஒன்றைச் சொல்கிறேன்.

ஆரஞ்சு கவுண்டி சபையில் ஆண்ட்ரூ டோ என்று ஒரு உறுப்பினர் இருந்தார். வெஸ்ட்மின்ஸ்டர் பக்கம் வியட்நாமியர்கள் நிறைந்த லிட்டில் சைகான் பகுதி அவருடைய தொகுதி. அவரே வியட்நாமிலிருந்து அகதியாக வந்தவர். கோவிட் காலத்தில் வயதானவர்களுக்கும் உடல் முடியாதவர்களுக்கும் சாப்பாடு கொடுப்பதற்காக மத்திய அரசிடமிருந்து பெரும் பணம் வந்தது. அதில் ஒரு கோடி டாலருக்கும் மேல், வியட் அமெரிக்கா சொசைட்டி என்ற தொண்டு நிறுவனத்துக்குப் போகும்படி அவர் பார்த்துக்கொண்டார். அதை நடத்தியவர்களில் ஒருவர் அவருடைய மகள். இது சபையில் யாருக்கும் சொல்லப்படவில்லை. சாப்பாட்டுக்கென்று கொடுத்த 93 லட்சம் டாலரில் சுமார் 15 சதவீதம்தான் சாப்பாட்டுக்குச் செலவானது என்று பின்னால் அரசு வழக்கறிஞர்கள் நீதிமன்றத்தில் சொன்னார்கள். லஞ்சமாக ஐந்தரை லட்சம் டாலருக்கு மேல் அவர் குடும்பத்துக்குத் திரும்பி வந்தது. மகள் வீடு வாங்கியதில் அந்தப் பணமும் இருந்தது. 2024 அக்டோபரில் குற்றத்தை ஒப்புக்கொண்டு பதவி விலகினார். 2025 ஜூனில் ஐந்து வருடச் சிறை.

இது முதலில் எப்படி வெளியே வந்தது? எஃப்.பி.ஐ. போலீஸ் அவர் வீட்டைச் சோதனை போட்டது 2024 ஆகஸ்டில். அதற்கு ஒன்பது மாதம் முன்பே, 2023 நவம்பரில், நிக் கெர்டா என்ற நிருபர் ஒப்பந்தக் காகிதங்களைப் படித்து, மகளின் பெயரைக் கண்டுபிடித்து எழுதிவிட்டார். பிறகும் விடாமல் எழுதிக்கொண்டே இருந்தார். கொடுத்த சாப்பாட்டுக்குக் கணக்கு எங்கே என்று கவுண்டி நிர்வாகம் அதன்பிறகுதான் கேட்கத் தொடங்கியது. அந்த நிருபர் வேலை பார்த்தது எல்.ஏ.இஸ்ட் என்ற பொது வானொலியில். உங்கள் காரில் 89.3 வைத்தால் வருமே, அதேதான்.

இந்தத் தட்டை எந்த யூடியூபரும் படம் எடுக்க மாட்டார். எடுத்திருந்தாலும் என்ன தெரிந்திருக்கும்? வந்து சேர்ந்த சாப்பாடு தெரிந்திருக்கும். வராத சாப்பாடு கேமராவில் விழாது. அதைக் கண்டுபிடிக்க, யாரும் கூப்பிடாத இடத்துக்குப் போய், யாரும் கொடுக்க விரும்பாத காகிதத்தைக் கேட்டு வாங்கி, மாதக்கணக்கில் உட்கார்ந்து படிக்க ஒரு ஆள் வேண்டும். அந்த ஆளுக்கு மாதச் சம்பளம் வேண்டும்.

நான் மூன்றையும் ஒரே முடிச்சாகப் போட்டது இதனால்தான். கோல்டுக்கே வருகிறேன்.

வெள்ளைத் துணி என்று எழுதியிருக்கிறீர்கள். கோல்ட் போனதெல்லாம் பெரும்பாலும் அதற்கு நேர் எதிரான இடங்கள். இருபதுகளின் தொடக்கத்தில் அவர் ஒரு சட்டப் பத்திரிகையில் மெய்ப்புப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்போது அவருக்கு இருந்த ஒரே லட்சியம், நகர மையத்திலிருந்து சாண்டா மோனிகா கடல்வரை போகும் பிகோ புலவார்டில் இருக்கும் ஒவ்வொரு கடையிலும் ஒரு தடவையாவது சாப்பிடுவது. சால்வடார்க்காரர் கடை, கொரியர் கடை, மெக்சிகோவில் ஒரு குறிப்பிட்ட மாநிலத்துக்காரர் கடை. சலவைக் கடைக்கும் டோனட் கடைக்கும் நடுவே ஒடுங்கிக் கிடக்கும் உணவகங்கள். 1986இல் எல்.ஏ. வீக்லியில் பத்தி எழுத ஆரம்பித்தார். 2007இல் அமெரிக்கப் பத்திரிகை உலகின் பெரிய விருதான புலிட்சர் கிடைத்தது. உணவு விமர்சகர் ஒருவருக்கு அது கிடைப்பது அதுவே முதல் முறை. கே.சி.ஆர்.டபிள்யூ. பொது வானொலியின் குட் ஃபுட் நிகழ்ச்சியிலும் பேசிக்கொண்டிருந்தார். 2018இல் கணையப் புற்றுநோயில் இறந்தார்.

ஒரு கடையைப் பற்றி எழுதுவதற்கு முன் அவர் பல தடவை அங்கே போய்ச் சாப்பிடுவார். பில்லைப் பத்திரிகை கட்டும். கடைக்காரருக்கு வந்திருப்பது யார் என்று தெரியக் கூடாது என்பது விதி. கடைசிக் காலத்தில் தன் உருவத்தை மறைப்பது கஷ்டம் என்று அவரே முகத்தைக் காட்டிவிட்டார், அது வேறு கதை. ஆனால் பில் விதி மாறவில்லை.

எல்.ஏ. வீக்லி இலவசப் பத்திரிகை. தெருமுனைப் பெட்டியில் கிடக்கும், யார் வேண்டுமானாலும் எடுத்துப் போகலாம். அப்படியானால் பில்லுக்குக் காசு எங்கிருந்து வந்தது? ராக் இசை கிளப் விளம்பரம், சினிமா விளம்பரம், வாடகை வீடு, பழைய கார், வேலைக்கு ஆள் தேவை. கோல்டைப் படித்தவர்கள் கோல்டுக்குப் பணம் கொடுக்கவில்லை. அவர் எழுதிய கடைக்காரர்களும் கொடுக்கவில்லை. சோபா விற்கப் பார்த்த யாரோ ஒருவர் கொடுத்தார். அந்தப் பணத்துக்கும் அந்த எழுத்துக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. அந்தச் சம்பந்தமின்மைதான் அவரைச் சுதந்திரமாக எழுதவிட்டது.

அந்தப் பணமெல்லாம் சுத்தம் என்று நினைத்துவிட வேண்டாம். இப்படிப்பட்ட இலவச வார இதழ்களின் கடைசிப் பக்கங்கள் ஒரு காலத்தில் பாலியல் விளம்பரங்களால் நிறைந்திருந்தன. எல்.ஏ. வீக்லியை ஒரு கட்டத்தில் வைத்திருந்த நிறுவனம் இணையத்தில் தொடங்கிய பேக்பேஜ் விளம்பரத் தளத்தை 2018இல் அமெரிக்க அரசு முடக்கியது. நல்ல உரைநடை மோசமான காசில் வளர்ந்திருக்கிறது. நான் அதை அழகுபடுத்த மாட்டேன்.

அப்புறம் கிரெய்க்ஸ்லிஸ்ட் என்ற இணைய விளம்பரத் தளம் வந்தது. சோபாவை இலவசமாக விற்கலாம் என்றானது. கூகுளும் ஃபேஸ்புக்கும் மீதியை எடுத்துக்கொண்டன. அமெரிக்க நாளிதழ்களின் விளம்பர வருமானம் 2005 வாக்கில் கிட்டத்தட்ட 4900 கோடி டாலர். 2020இல் அது ஆயிரம் கோடிக்கும் கீழே. அதே 2005க்குப் பிறகு மூடப்பட்ட பத்திரிகைகள் மூவாயிரத்துக்கும் மேல், பெரும்பாலும் சின்ன ஊர்களின் வார இதழ்கள். வாசகர்கள் வெறுத்துப் போனதால் இவை சாகவில்லை. நிருபரின் சம்பளத்தைக் கட்டிக்கொண்டிருந்த சோபா விளம்பரம் வேறு கடைக்குப் போய்விட்டது.

எல்.ஏ. வீக்லியை 2017 கடைசியில் புது முதலாளிகள் வாங்கிய கையோடு ஆசிரியர் குழுவில் பெரும்பாலானவர்களை வீட்டுக்கு அனுப்பினார்கள். உங்கள் பக்கத்தில் அதன் தங்கைப் பத்திரிகை ஒன்று இருந்தது, ஓ.சி. வீக்லி. அதன் ஆசிரியராக இருந்தவர் குஸ்தாவோ அரேயானோ. அனஹைமில் பிறந்த மெக்சிகோ வம்சாவளிக்காரர். சின்ன டாக்கோ கடைகளைப் பற்றி வாரா வாரம் எழுதியவர். அதே பத்திரிகைதான் கவுண்டியின் போலீஸ் தலைவரான ஷெரீஃப் மைக் கரோனாவை வருடக்கணக்கில் துரத்தி எழுதியது. அந்த ஷெரீஃப் பின்னால் சிறைக்குப் போனார். ஒரே ஆசிரியர் குழு, ஒரே பட்ஜெட். டாக்கோ பத்தியைப் படிக்கப் பத்திரிகையை எடுத்தவன் ஷெரீஃபைப் பற்றியும் படித்துவிட்டுத்தான் கீழே வைத்தான். படகுகளைப் பற்றிப் பத்திரிகை நடத்தும் நிறுவனம் ஒன்று 2016இல் அதை வாங்கியது. பாதி ஆட்களை வேலையைவிட்டு எடுக்கச் சொன்னபோது, முடியாது என்று அரேயானோ 2017இல் விலகினார். 2019 நவம்பரில், நன்றி நவிலல் நாளுக்கு முந்தின நாள், பத்திரிகையை மூடிவிட்டார்கள்.

இப்போது யூடியூபுக்கு வருவோம். அவர்களை நான் இளப்பமாகப் பேசவில்லை. சிலர் உண்மையிலேயே ருசி தெரிந்தவர்கள், கல்லாவுக்குப் பின்னால் போய் மாவு அரைப்பவரிடமும் பேசுகிறார்கள். பழைய பத்திரிகைகள் அந்த மனிதரைத் திரும்பிக்கூடப் பார்த்ததில்லை. ஆனால் பில்லை யார் கட்டுகிறார்கள் என்று பாருங்கள். பல நேரம் கடைக்காரரே, சாப்பாடாகவோ பணமாகவோ. அப்படி இல்லாவிட்டால் பார்வை எண்ணிக்கை கட்டுகிறது. கடைக்காரர் காசில் குறை சொல்ல முடியாது. பார்வை எண்ணிக்கைக் காசில் கூட்டம் இல்லாத கடைக்குப் போக முடியாது. அந்த வீடியோக்களில் எல்லாமே வேற லெவலாக இருப்பதற்குக் காரணம் அவர்களுடைய நாக்கு கிடையாது. அங்கே வேலை செய்பவருக்குச் சம்பளம் ஒழுங்காக வருகிறதா, சுகாதாரத் துறை ஏன் போன மாதம் பூட்டுப் போட்டது என்று கேட்கத் தொடங்கினால் அடுத்த கடைக்குள் விட மாட்டார்கள்.

வரிப்பணக் கேள்வி. அது நியாயமான கேள்விதான். தேசிய அளவிலான பொது வானொலி அமைப்பு என்.பி.ஆர். அதன் அரசியல் சாய்வு பிடிக்காதவர்கள் நிறையப் பேர், அவர்கள் சொல்வதில் கொஞ்சம் உண்மையும் இருக்கிறது. 1967இல் ஜான்சன் கையெழுத்திட்ட சட்டத்தின்படி உருவான பொது ஒலிபரப்புக் கழகத்தின் நிதியை 2025 ஜூலையில் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் திரும்ப எடுத்துக்கொண்டது. இரண்டு வருடத்துக்கு 110 கோடி டாலர். தலைக்குக் கணக்குப் போட்டால் வருடத்துக்கு ஒன்றரை டாலர் சொச்சம். அடுத்த மாதமே கழகம் கடையைக் கட்டுவதாக அறிவித்தது. ஆனால் அந்தப் பணத்தில் எழுபது சதவீதத்துக்கும் மேல் போனது உள்ளூர் நிலையங்களுக்கு, என்.பி.ஆருக்கு இல்லை. உங்கள் ஊரில் நிலையம் தாங்கும். நீங்கள் சொல்கிற வசதியான நேயர்கள் அங்கே இருக்கிறார்கள், எல்.ஏ.இஸ்ட் ஆட்குறைப்போடு ஓட்டிக்கொண்டிருக்கிறது.

அலாஸ்காவில் பெத்தல் என்று ஒரு ஊர். வெளியிலிருந்து அங்கே போக ரோடு கிடையாது. அங்கே கே.ஒய்.யூ.கே. நிலையம் 1971 முதல் ஆங்கிலத்திலும் யூபிக் என்ற பூர்வகுடி மொழியிலும் ஒலிபரப்புகிறது. குஸ்கோக்விம் ஆற்றில் சால்மன் பிடிக்க எந்த நாள் அனுமதி, எத்தனை மணிக்கு வலை போடலாம், பனி எங்கே மெல்லிசாக இருக்கிறது என்பதை மக்கள் அதில் கேட்டுத்தான் தெரிந்துகொள்கிறார்கள். குளிர்காலம் முழுக்க அந்த மீனைச் சாப்பிட்டுத்தான் வாழ வேண்டும். அந்த ஊரின் உணவுச் செய்தி அதுதான். நிலையத்தின் வருமானத்தில் பாதிக்கும் மேல் இந்த மானியம். அது நின்ற சில மாதத்தில், 2025 அக்டோபரில், புயலில் கிப்னக், க்விகிலிங்கோக் கிராமங்கள் மூழ்கி மக்களை விமானத்தில் ஏற்றிக் கொண்டுபோனார்கள். ஆட்களைக் குறைத்துக்கொண்ட அந்த நிலையம்தான் அப்போதும் சேதி சொல்லிக்கொண்டிருந்தது. அங்கே வசதியான நேயர்களைத் தேடினால் கிடைக்க மாட்டார்கள்.

எல்லாம் முடிந்துபோனது என்றும் இல்லை. உங்கள் கவுண்டியிலேயே 1978இல் ஆரம்பித்த வியட்நாமிய நாளிதழ் நுவோய் வியட் இன்னும் வருகிறது. வாய்ஸ் ஆஃப் ஓ.சி. என்று லாப நோக்கில்லாத செய்தித் தளம் ஒன்று இருக்கிறது, கவுண்டி சபைக் கூட்டங்களில் உட்காரும் ஆட்கள் அவர்களுடையவர்கள். அரேயானோவும் சும்மா இல்லை. லாஸ் ஏஞ்சல்ஸ் டைம்ஸில் பத்தி எழுதுகிறார். 2018இல் கே.சி.ஆர்.டபிள்யூ.வோடு சேர்ந்து, தென் கலிபோர்னியாவின் சிறந்த டார்ட்டியா, அதாவது மெக்சிகோ ரொட்டி, எது என்று போட்டி ஆரம்பித்தார். சோளமா கோதுமையா என்று வருடா வருடம் அடித்துக்கொள்வார்கள். கேட்க ரொம்பச் சிரிப்பாக இருக்கும்.

உங்கள் உள்ளூர் நாளிதழான ஆரஞ்சு கவுண்டி ரெஜிஸ்டருக்குச் சந்தா கட்டச் சொல்வேன் என்று நினைத்திருப்பீர்கள். சொல்ல மாட்டேன். உங்கள் எர்வைன் பல்கலைக்கழகத்தின் கருத்தரிப்பு மருத்துவமனையில் பெண்களின் கருமுட்டைகளை அனுமதியில்லாமல் அடுத்தவர்களுக்குப் பயன்படுத்தியதை வெளிக்கொண்டு வந்து 1996இல் புலிட்சர் வாங்கிய பத்திரிகை அது. இரண்டாவது திவாலுக்குப் பிறகு 2016இல் ஏலத்தில் போய், இப்போது ஆல்டன் என்ற ஹெட்ஜ் ஃபண்டின் கையில் இருக்கிறது. பத்திரிகைகளை வாங்கி, ஆட்களைக் குறைத்து, லாபத்தை உருவுவதற்குப் பேர்போன நிறுவனம். நீங்கள் கட்டும் சந்தாவில் நிருபருக்கு எவ்வளவு போகும் என்று எனக்கு நம்பிக்கை இல்லை. அந்தப் பணத்தை 89.3க்கோ வாய்ஸ் ஆஃப் ஓ.சி.க்கோ அனுப்புங்கள். மாதம் ஒரு தோசை விலை போதும்.

அன்புடன்