மர வியாபாரியான வில்லியம் போயிங், விமானக் கம்பெனி தொடங்கியது எப்படி?

அந்தக் காலத்தில் விமானம் என்றால் மரச்சட்டம், அதன்மேல் இழுத்துத் தைத்த லினன் துணி, ஒரு இன்ஜின். ஏறக்குறைய நம் காற்றாடி மாதிரிதான்: குச்சி லேசாகவும் வளைந்தால் முறியாமலும் இருக்க வேண்டும். இரும்பு அதற்கு ரொம்பக் கனம். ஸ்ப்ரூஸ் என்ற ஊசியிலை மரம் கச்சிதம்.

அமெரிக்காவின் சியாட்டில் பக்கம் மர வியாபாரத்தில் சம்பாதித்த வில்லியம் போயிங்குக்கு அந்த மரம் அத்துப்படி. டுவாமிஷ் ஆற்றங்கரையில் சொந்தப் படகுப் பட்டறையும் இருந்தது. வாங்கிய விமானம் சேதமாகி, உதிரிபாகம் வரத் தாமதமானதும், நாமே செய்யலாமே என்று இறங்கிவிட்டார். கடற்படைப் பொறியாளர் வெஸ்டர்வெல்ட்டுடன் சேர்ந்து உருவாக்கிய கடல் விமானம் (தண்ணீரில் இருந்தே ஏறி இறங்குவது) 1916 ஜூனில் பறந்தது. ஜூலையில் கம்பெனி பதிவானது. முதல் உலகப்போரில் கடற்படை 50 விமானங்கள் கேட்டது. போர் முடிந்ததும் ஆர்டர் வறண்டது. சம்பளம் கொடுக்க மேசை, நாற்காலி, படகு எல்லாம் செய்தார்கள் (தச்சர்கள் கையில் இருந்தது நல்லதாகப் போயிற்று). 1934இல், விமானத் தயாரிப்பையும் விமான சேவையையும் அரசு பிரிக்கச் சொன்னதும், போயிங் பங்குகளை விற்று விலகினார்.

விமானத்தைக் கண்டுபிடித்தவரே போயிங் என்று சிலர் நினைக்கிறார்கள். ரைட் சகோதரர்கள் 1903இலேயே பறந்துவிட்டார்கள்.