வீட்டுக் கொல்லையிலிருந்தே பறவைகளையும் பருவ மாற்றத்தையும் கவனிக்க முடியுமா?

முடியும். கும்பகோணத்துக்கு அருகே ஒரு கிராமத்தில் எங்கள் வீடு இருக்கிறது. கொல்லையில் ஒரு வேம்பு, இரண்டு முருங்கை, கிணற்றடியில் கறிவேப்பிலை, வேலியோரம் கொஞ்சம் வாழை, அவ்வளவுதான். ஒன்பது ஆண்டுகளாகப் பெரும்பாலும் இந்த ஒரே இடத்தில் உட்கார்ந்துதான் பார்த்து வருகிறேன். ஆனால் பள்ளிப் பாடத்தில் படித்த வசந்தத்தையும் இலையுதிர் காலத்தையும் இங்கே தேடினால் ஏமாற்றமே மிஞ்சும்.

என் நோட்டில் ஆண்டு புரட்டாசியில் தொடங்குகிறது. அந்த மாதத்தில் ஏதோ ஒரு விடிகாலையில், நாக்கை மேலண்ணத்தில் தட்டி எழுப்புவது போன்ற ‘டக், டக்’ என்ற ஓசை வேலிப் புதருக்குள்ளிருந்து வரும். அது பிளித் நாணல் கதிர்க்குருவி. மத்திய ஆசியப் பக்கம் குஞ்சு பொரித்துவிட்டுக் குளிர்காலத்தைக் கழிக்க இங்கே வரும் இந்தச் சிறு பறவை, மங்கிய பழுப்பு நிறத்தில், பார்ப்பதற்குச் சுவாரசியமே இல்லாமல் இருக்கும். அதனால்தானோ என்னவோ, முதல் இரண்டு ஆண்டுகள் அந்த ஓசையை அணிலுடையது என்றே நினைத்திருந்தேன். சித்திரை வாக்கில் ஒருநாள் புதர் அமைதியாகிவிடும். வந்த நாளைக் குறிப்பது எளிது. போன நாளைக் குறிக்க வேண்டுமானால் தினமும் காது கொடுத்திருக்க வேண்டும்.

ஐப்பசியில் நான் காத்திருப்பது ஆறுமணிக்குருவிக்காக. மத்திய இந்தியாவிலும் இமயமலை அடிவாரத்திலும் கூடு கட்டி, மழைக்காலம் முடிந்ததும் தெற்கே இறங்கும் பறவை இது. காலையும் மாலையும் ஏறத்தாழ ஆறு மணிக்கு இரட்டைச் சீழ்க்கை அடிப்பதால் அந்தப் பெயர். பச்சை முதுகு, சிறகில் நீலம், கண்ணை ஒட்டிக் கறுப்புப் பட்டை, வாலடியில் குங்குமச் சிவப்பு என்று இவ்வளவு நிறங்கள் இருந்தும், வாழையடி நிழலில் அது அசையாமல் நின்றால் கண்ணில் படுவதில்லை. சருகு புரளும் சத்தம்தான் காட்டிக் கொடுக்கும். அலகால் ஓர் இலையைத் தூக்கி எறியும், குட்டை வாலை மேலும் கீழும் ஆட்டும், இரண்டு தாவல் தாவி நிற்கும், மறுபடி இன்னோர் இலை. அதற்கு வேண்டிய புழு பூச்சிகள் எல்லாம் அந்தச் சருகுக்கு அடியில்தான் இருக்கின்றன. கொல்லையைப் பளிச்சென்று பெருக்கி வைத்திருந்த ஆண்டுகளில் அது எங்கள் வீட்டில் தங்கியதே இல்லை. இப்போது வேப்பமரத்தடியைப் பெருக்க வேண்டாம் என்று அம்மாவிடம் சொல்லி வைத்திருக்கிறேன். ‘பாம்பு வந்தால் உன் குருவியா அடிக்கும்?’ என்று கேட்கிறார். கேள்வி நியாயமானது என்பதால், வீட்டை ஒட்டிய பகுதியை மட்டும் பெருக்கிக்கொள்ள விட்டுவிட்டேன்.

என் தவறு ஒன்றையும் சொல்ல வேண்டும். ஒரு மாசி மாதம், முருங்கைக்கு அருகில் அடர்ந்திருந்த செடியொன்றைக் கழித்தபோது, ஓர் இலையின் இரு விளிம்புகளும் பஞ்சு நூலால் தைக்கப்பட்டிருப்பதைக் கண்டேன். தையல்சிட்டின் கூடு. உள்ளே மூன்று முட்டைகள். வெட்டிய கிளையை அதே இடத்தில் கட்டி வைத்துப் பார்த்தேன்; இலை வாடிச் சுருண்டது, பறவை திரும்பவில்லை. அதிலிருந்து, எந்தச் செடியில் அரிவாளை வைப்பதற்கு முன்பும் பத்து நிமிடம் தள்ளி நின்று, ஏதாவது பறவை ஒரே இடத்துக்குத் திரும்பத் திரும்ப வருகிறதா என்று பார்க்கிறேன்.

பங்குனியில் வேம்பு பூக்கும்போது, ‘குயில் வந்துவிட்டது’ என்று எல்லாரும் சொல்வார்கள். அது எங்கும் போகவில்லை. மார்கழியிலும் கறிவேப்பிலைப் பழத்தைத் தின்றுகொண்டு இங்கேதான் இருந்தது, கூவவில்லை, அவ்வளவே. கூவுவது கறுப்பு நிற ஆண். பழுப்பு உடலில் வெண்புள்ளிகள் கொண்ட பெண்ணுக்குக் ‘கிக் கிக்’ என்ற கத்தல்தான். ஆனியில் வேப்பம்பழம் உதிரும் நாட்களில், குயில் குஞ்சு ஒன்று பின்னாலேயே கத்திக்கொண்டு திரிய, காகம் சலிக்காமல் ஊட்டுவதைக் காணலாம்.

கருவி என்று பெரிதாக எதுவும் வேண்டாம். நிழலில் ஒரு மண்சட்டி நிறையத் தண்ணீர் வைத்து, அதைத் தினமும் மாற்றுங்கள். நோட்டில் தேதி, நேரம், பறவை என்ன செய்துகொண்டிருந்தது என்ற மூன்றையும் எழுதுங்கள். மூன்றாவதுதான் பின்னாளில் உதவும். தமிழ்நாட்டில் 2015 முதல் பொங்கல் நாட்களில் பறவைகள் கணக்கெடுப்பு நடக்கிறது. குறைந்தது 15 நிமிடம் ஓரிடத்தில் பார்த்து, எண்ணி, பறவைக் குறிப்புகளைச் சேர்த்து வைக்கும் இ-பேர்ட் (eBird) இணையதளத்தில் பதிவேற்றினால் போதும். மாட்டுப் பொங்கலன்று கொல்லையில் உட்கார்ந்தே நான் எண்ணுகிறேன். போன முறை பட்டியலில் பதினான்கு வகை இருந்தன. ஆறுமணிக்குருவியைப் பார்க்கவில்லை, காலை ஆறே கால் மணிக்கு வாழைக்குப் பின்னாலிருந்து சீழ்க்கையை மட்டும் கேட்டேன்.