மேற்கே போன அமெரிக்கா: கேள்வி பதில்

19ஆம் நூற்றாண்டு அமெரிக்கா பற்றி வந்த கேள்விகள் இவை. மேற்கு நோக்கிய குடியேற்றத்தையும் உள்நாட்டுப் போரையும் இரண்டு தனிக் கதைகளாக எடுத்துக்கொண்டு கேட்டவர்கள்தான் அதிகம். எனக்கு அவை ஒரே கதை. புதிதாக ஒரு நிலம் கைக்கு வரும்போதெல்லாம், அங்கே அடிமை முறை இருக்கலாமா கூடாதா என்ற சண்டையும் சேர்ந்தே வந்தது.

சார், லூசியானா மாதிரி பெரிய நிலப்பரப்பை நெப்போலியன் ஏன் விற்றார்?

வட அமெரிக்காவின் நடுவே பிரான்ஸ் வைத்திருந்த நிலம் லூசியானா. அதை விற்றதற்கான பதில் ஹைட்டியில் இருக்கிறது. அன்றைக்கு அது சான் டொமிங்கோ என்ற பிரெஞ்சுக் காலனி. கரும்புத் தோட்டங்களால் பணம் கொழித்த தீவு. 1791இல் அங்கே அடிமைகள் கிளர்ந்தெழுந்தார்கள். தீவை மீட்க நெப்போலியன் தன் தங்கை கணவர் லெக்லர்க்கின் தலைமையில் படை அனுப்பினார். கிளர்ச்சியாளர்களும் மஞ்சள் காய்ச்சலும் சேர்ந்து அந்தப் படையை அழித்துவிட்டன. 1802இல் லெக்லர்க்கும் காய்ச்சலில் இறந்தார். தீவு கைவிட்டுப் போனபின் அதற்கு உணவு அனுப்ப லூசியானா எதற்கு? பிரிட்டனோடு போர் வேறு வரவிருந்தது. லூசியானாவின் நியூ ஆர்லியன்ஸ் துறைமுகத்தை வாங்கத்தான் அமெரிக்க அதிபர் ஜெஃபர்சன் ஆள் அனுப்பினார். 1803இல் கிடைத்ததோ 53 கோடி ஏக்கர், 1.5 கோடி டாலருக்கு.

என் மனதை எப்போதும் உறுத்துவது இதுதான்: அடிமைகள் ரத்தம் சிந்திப் பெற்ற விடுதலை, இன்னொரு நாட்டில் அடிமைத் தோட்டங்கள் பரவுவதற்கு நிலம் திறந்துவிட்டது.

அடிமை முறை தானாகவே மறைந்துகொண்டிருந்தது என்று படித்தேன். உண்மையா?

1790இல் சிலர் அப்படி நம்பியது உண்மை. அப்போது அடிமைகள் ஏறத்தாழ 7 லட்சம் பேர். 1793இல் எலி விட்னியின் பருத்திக்கொட்டை நீக்கும் இயந்திரம் வந்தது. அதுவரை கையால் கொட்டை எடுப்பதே பெரிய வேலை. அது எளிதானதும் அலபாமா, மிசிசிப்பி என்று பருத்தி பரவியது. 1808இல் வெளிநாட்டிலிருந்து அடிமைகளைக் கொண்டுவருவது தடை செய்யப்பட்டது. ஆனால் வர்ஜீனியா போன்ற பழைய மாநிலங்களிலிருந்து சுமார் 10 லட்சம் பேர் தெற்கேயும் மேற்கேயும் விற்கப்பட்டோ முதலாளிகளோடு இழுத்துச் செல்லப்பட்டோ இடம் மாறினார்கள். தாய் ஓரிடம், பிள்ளை ஓரிடம். 1860இல் அடிமைகளின் எண்ணிக்கை கிட்டத்தட்ட 40 லட்சம். மறைந்துகொண்டிருந்த ஒன்றின் கணக்கு இப்படி இருக்காது.

பூர்வகுடிகள் ‘நாகரிகத்தை’ ஏற்காததால்தான் வெளியேற்றப்பட்டார்கள் என்கிறார்களே?

ஜார்ஜியா பக்கம் வாழ்ந்த செரோக்கி என்ற பூர்வகுடிகளைப் பாருங்கள். செக்வோயா என்பவர் தம் மொழிக்குத் தாமே ஓர் எழுத்துமுறையை உருவாக்கினார். சில ஆண்டுகளில் அந்த மக்களில் பெரும்பாலோர் எழுதப் படிக்கக் கற்றார்கள். 1827இல் அரசியல் சாசனம் எழுதினார்கள். 1828இல் சொந்தமாகச் செய்தித்தாள் நடத்தினார்கள். விவசாயம், பள்ளிக்கூடம், நீதிமன்றம் எல்லாம் இருந்தன. ஜார்ஜியாவுக்கு வேண்டியிருந்தது அவர்களுடைய நிலம். அங்கே தங்கமும் கிடைத்திருந்தது.

1830இல் அதிபர் ஜாக்சன் பூர்வகுடிகளை வெளியேற்றும் சட்டத்தைக் கொண்டுவந்தார். செரோக்கிகள் கத்தி எடுக்கவில்லை, வழக்குப் போட்டார்கள். 1832இல் தலைமை நீதிபதி ஜான் மார்ஷல், செரோக்கி மண்ணில் ஜார்ஜியாவின் சட்டம் செல்லாது என்று தீர்ப்பளித்தார். தீர்ப்பு ஏட்டோடு நின்றது. 1835இல் மக்களின் ஒப்புதல் இல்லாத ஒரு சிறு குழுவிடம், நிலத்தை விட்டுக்கொடுக்கும் ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்கினார்கள். தலைவர் ஜான் ராஸ் ஆயிரக்கணக்கானோரின் கையெழுத்தோடு எதிர்ப்பு மனு கொடுத்தும், ஒரு ஓட்டு குறைந்திருந்தாலும் தேவையான மூன்றில் இரண்டு பங்கு கிடைத்திருக்காது என்ற நிலையில் ஒப்பந்தம் செனட்டில் நிறைவேறியது. 1838இல் படை வந்து மக்களை வீடுகளிலிருந்து பிடித்து முகாம்களில் அடைத்தது. இப்படி மேற்கே விரட்டப்பட்ட ஏறத்தாழ 16,000 பேரில் 4,000 பேர்வரை முகாம்களிலும் வழியிலும் இறந்திருக்கலாம் என்பது பரவலான மதிப்பீடு. ‘கண்ணீர்ப் பாதை’ என்று இதைத்தான் சொல்கிறார்கள்.

அதே காலத்தில் செரோக்கிகளும் அடிமைகளை வைத்திருந்தார்களாமே, சார்?

ஆமாம், வசதியான செரோக்கிகள் வைத்திருந்தார்கள். அந்த அடிமைகளும் இதே பாதையில் நடத்திச் செல்லப்பட்டார்கள். இதை விட்டுவிட்டுச் சொன்னால் வரலாறு பாதிதான்.

மெக்சிகோவை வென்ற பிறகு அமெரிக்கர்கள் ஒன்றுபட்டிருக்க வேண்டாமா? ஏன் பிளவு கூடியது?

போர் தொடங்கியதிலேயே சர்ச்சை இருந்தது. இரு நாடுகளும் உரிமை கோரிய எல்லைப்பகுதிக்குள் அதிபர் போல்க் படையை அனுப்பினார். 1846இல் மோதல் நடந்ததும், அமெரிக்க மண்ணில் அமெரிக்க ரத்தம் சிந்தியது என்றார். இல்லினாயிலிருந்து முதல்முறை உறுப்பினராக வந்திருந்த ஆபிரகாம் லிங்கன், ரத்தம் சிந்திய இடம் எது, அது யாருடைய மண் என்று சபையிலேயே கேட்டார்.

1848 ஒப்பந்தத்தில் கலிஃபோர்னியா, நெவாடா, யூட்டா எல்லாம் அமெரிக்காவுக்கு வந்தன. டெக்சாஸையும் சேர்த்தால் மெக்சிகோ தன் நிலத்தில் பாதியை இழந்தது. ஆனால் போர் நடக்கும்போதே, 1846இல், டேவிட் வில்மட் என்ற உறுப்பினர் ஒரு திருத்தம் கொண்டுவந்திருந்தார்: பிடிக்கும் நிலம் எதிலும் அடிமை முறை கூடாது. அதிபரின் சொந்தக் கட்சிக்காரர் அவர்! ஓட்டெடுப்பில் கட்சி உடைந்து வடக்கு, தெற்கு என்று பிரிந்தது. பிரதிநிதிகள் சபையில் நிறைவேறியது, செனட்டில் தோற்றது.

செனட்தான் தெற்கின் கவசம். வடக்கில் மக்கள்தொகை பெருகப் பெருகப் பிரதிநிதிகள் சபை கைநழுவியது. செனட்டிலோ எந்த மாநிலமானாலும் இரண்டு இடம். 1820இல் மிசூரியை அடிமை மாநிலமாகவும் மெய்னை அடிமையற்ற மாநிலமாகவும் சேர்த்து 12க்கு 12 என்று சமன் செய்தார்கள். 1850இல் கலிஃபோர்னியா அடிமையற்ற மாநிலமாக உள்ளே வந்ததும் அந்தச் சமன் போயிற்று.

‘ரத்தம் சிந்தும் கான்சஸ்’ என்றால் என்ன?

1854இல் செனட்டர் ஸ்டீபன் டக்ளஸ், சிகாகோவிலிருந்து மேற்கே ரயில் பாதை போட வழி தேடினார். அதற்குத் தெற்கின் ஓட்டு தேவை. 1820இன் மிசூரி சமரசம், மேற்கு நிலத்தில் ஒரு கோட்டுக்கு வடக்கே அடிமை முறை கூடாது என்றிருந்தது. அந்தக் கோட்டை ரத்து செய்து, கான்சஸில் அடிமை முறை வேண்டுமா என்பதைக் குடியேறியவர்களே ஓட்டுப் போட்டு முடிவு செய்யட்டும் என்று சட்டம் கொண்டுவந்தார். உடனே இரு தரப்பும் ஆள் இறக்கின. 1855 தேர்தலில் மிசூரியிலிருந்து ஆயிரக்கணக்கானோர் ஆயுதத்தோடு எல்லை தாண்டி வந்து ஓட்டுப் போட்டுவிட்டுத் திரும்பினார்கள். 1856 மே 21 அன்று, அடிமை முறையை எதிர்த்தவர்களின் லாரன்ஸ் ஊர் சூறையாடப்பட்டது. அடுத்த நாள் செனட் அவையிலேயே, அடிமை முறையை எதிர்த்த செனட்டர் சார்ல்ஸ் சம்னரைத் தென் கரோலினா உறுப்பினர் ஒருவர் கைத்தடியால் மயங்கி விழும்வரை அடித்தார். 24ஆம் தேதி இரவு, அடிமை முறையை எதிர்த்த ஜான் பிரவுனின் ஆட்கள் கான்சஸில் எதிர்த்தரப்பில் ஐந்து பேரை வெட்டிக் கொன்றார்கள். நான்கே நாட்களில் இவ்வளவும்.

உள்நாட்டுப் போர் அடிமை முறைக்காக அல்ல, மாநில உரிமைக்காக என்று ஒருவர் வாதாடினார். என்ன சொல்லட்டும்?

1850இன் தப்பியோடிய அடிமைகள் சட்டத்தைக் காட்டுங்கள். அது வட மாநிலங்களின் விருப்பத்தை மீறி, மத்திய அரசின் பலத்தால் அடிமைகளைப் பிடித்துத் தரச் சொன்ன சட்டம். பிடிபட்டவர் அடிமை என்று முடிவு செய்தால் ஆணையருக்கு 10 டாலர், விடுவித்தால் 5 டாலர். விஸ்கான்சின் தன் மாநில உரிமையைச் சொல்லி அதை எதிர்த்தபோது தெற்கு கொதித்தது. போருக்கு முன் அமெரிக்காவிலிருந்து பிரிந்துபோன தென் மாநிலங்களின் அறிக்கைகளையும் படிக்கச் சொல்லுங்கள். மிசிசிப்பியின் அறிக்கை, தன் நிலைப்பாடு அடிமை முறையோடு பின்னிப் பிணைந்தது என்று தொடக்கத்திலேயே சொல்கிறது. அவர்களே ஒளிக்காததை நாம் ஏன் ஒளிக்க வேண்டும்?

அப்படியானால் வடக்கு நல்லவர்கள், தெற்கு கெட்டவர்களா?

அவ்வளவு எளிதல்ல. மேற்கில் அடிமை முறை வேண்டாம் என்ற பலருக்கு அங்கே கறுப்பர்களே வேண்டாம். ஒரிகான் மக்கள் 1857இல் அடிமை முறையை ஓட்டுப் போட்டு நிராகரித்தார்கள். சுதந்திரமான கறுப்பர்கள் குடியேறுவதையும் அதே தேர்தலில் தடுத்தார்கள்.

லிங்கன் பூர்வகுடிகளிடம் எப்படி நடந்துகொண்டார்?

1862இல் மின்னசோட்டாவில், வரவேண்டிய பணமும் உணவும் கிடைக்காமல் பட்டினியில் தவித்த டகோட்டா பூர்வகுடிகள் போரில் இறங்கினார்கள். குடியேறிகள் நூற்றுக்கணக்கில் கொல்லப்பட்டார்கள். ராணுவ விசாரணை 303 பேருக்குத் தூக்கு விதித்தது. சில விசாரணைகள் ஐந்து நிமிடம்கூட நடக்கவில்லை. லிங்கன் பதிவுகளைப் பார்த்துப் பெரும்பாலோரின் தண்டனையை நிறுத்தினார். ஆனாலும் டிசம்பர் 26 அன்று மான்கேட்டோவில் 38 பேர் ஒரே மேடையில் தூக்கிலிடப்பட்டார்கள். அதே ஆண்டுதான் குடியேறிகளுக்கு 160 ஏக்கர் தரும் சட்டத்திலும் கண்டம் கடக்கும் ரயில் பாதைச் சட்டத்திலும் அவர் கையெழுத்திட்டார். எதிர்த்து ஓட்டுப் போடத் தென் மாநில உறுப்பினர்கள் சபையில் இல்லை. அந்த நிலத்தில் ஏற்கெனவே வாழ்ந்தவர்களை எந்தச் சட்டமும் கேட்கவில்லை.

கடைசியாக ஒன்று, சார். இந்தப் போர் நம் ஊரைத் தொட்டதா?

தொட்டது. 1840களிலேயே அமெரிக்கப் பருத்தியை மட்டும் நம்பியிருக்க வேண்டாமென்று கிழக்கிந்தியக் கம்பெனி அமெரிக்கத் தோட்டக்காரர்களை இந்தியாவுக்கு வரவழைத்தது. கோயம்புத்தூரில் தாவரவியலாளர் ராபர்ட் வைட் அமெரிக்கப் பருத்தியைப் பயிரிட்டுப் பார்த்தார். அப்புறம் 1861இல் வடக்கின் கடற்படை தென் துறைமுகங்களை மறித்ததும் இங்கிலாந்தின் லங்காஷயர் ஆலைகளுக்குப் பஞ்சு நின்றது. இந்தியப் பருத்தியின் விலை ஏறியது, திருநெல்வேலிச் சீமைக் கரிசலில் விளைந்ததும் சேர்த்துத்தான். 1865இல் போர் முடிந்தது, விலையும் இறங்கிவிட்டது.