எதிர்க்கடையில் 30 ரூபாய் குறைவு, நானும் குறைக்கட்டுமா?

கேள்வி: காங்கேயத்தில் இரண்டு வருடமாக மரச்செக்கு எண்ணெய்க் கடை நடத்துகிறேன். அதே சாலையில் இப்போது இன்னும் மூன்று கடைகள். ஒருவர் கடலை எண்ணெயை 30 ரூபாய் குறைத்து விற்கிறார். நானும் இறங்குவதா?

பதில்: வேண்டாம். பாட்டிலுக்கு உங்களுக்கு 50 ரூபாய் நிற்கிறது என்று வையுங்கள். 30 ரூபாயை விட்டால் 20 மிஞ்சும். பழைய லாபத்தைப் பார்க்க இரண்டரை மடங்கு விற்றாக வேண்டும். மரச்செக்கு அந்த வேகத்துக்கு ஓடாது.

முதலில் அவர் பாட்டிலை வாங்கி எடை போடுங்கள். ஒரு லிட்டர் எண்ணெய் சுமார் 910 கிராம்தான். நீங்கள் கிலோவிலும் அவர் லிட்டரிலும் விற்றால், வித்தியாசத்தில் ஒரு நல்ல பங்கு அங்கேயே கரைந்துவிடும். அதைக் கரும்பலகையில் எழுதி வாசலில் வையுங்கள்.

வாங்குகிறவருக்கு இரண்டு பாட்டிலும் ஒரே மஞ்சள். அவர் கண்ணால் பார்க்க ஏதாவது வேண்டும். செக்கு பின்கட்டில் இருந்தால் முன்னால் கொண்டுவாருங்கள். ஆட்டிய தேதியைப் பாட்டிலில் எழுதுங்கள். நல்லெண்ணெய்க்குக் கருப்பட்டிதான் போடுகிறீர்கள் என்றால், அது செக்கின் பக்கத்திலேயே இருக்கட்டும்.

என்னைக் கேட்டால், எல்லாவற்றையும்விட வலுவானது கூலிக்கு ஆட்டித் தருவது. சொந்தக் காட்டுக் கடலையோடு வருகிறவர் பக்கத்தில் நின்று பார்த்து, எண்ணெயோடு மாட்டுக்குப் புண்ணாக்கும் கொண்டுபோவார். கூலியில் பெரிதாக ஒன்றும் மிஞ்சாதுதான். ஆனால் அவர் தெருவில் எண்ணெய்ப் பேச்சு வரும்போது உங்கள் கடைப் பெயர் வரும்.

பொரிக்கும்போது நுரைக்கிறது என்று புகார் வரும். சுத்திகரிக்காத எண்ணெயில் அது சகஜம் என்பதை விற்கும்போதே சொல்லிவிடுங்கள். பிறகு சொன்னால் சமாளிப்பதுபோல் இருக்கும்.

1980-களில் கடலூரிலிருந்து கிளம்பிய சிக் ஷாம்பு, எந்தக் கம்பெனி காலி சாஷே ஐந்து கொடுத்தாலும் ஒரு சிக் இலவசம் என்றது. பிறகு சிக் சாஷேக்கு மட்டும் என்று மாற்றியது. நீங்களும் காலிக் கண்ணாடி பாட்டிலுக்கு 5 ரூபாய் கழித்துப் பாருங்கள், எதிர்க்கடை பாட்டிலாக இருந்தாலும்.

கடைசியாக, பெயர். 'மரச்செக்கு' என்ற சொல்லை யாரும் சொந்தம் கொண்டாட முடியாது. அதோடு வரும் உங்கள் பெயரை வர்த்தகக் குறியாகப் பதியலாம். அந்தப் பதிவில் பொருள்களை வகுப்பு வகுப்பாகப் பிரித்திருக்கிறார்கள்; சமையல் எண்ணெய் 29-ஆம் வகுப்பு. தனிநபர் இணையத்தில் விண்ணப்பித்தால் கட்டணம் 4,500 ரூபாய், பதிவு 10 ஆண்டு நிற்கும். ஐந்தாவதாக வருகிறவர் உங்கள் பெயருக்கு முன்னால் 'நியூ' சேர்த்து போர்டு மாட்டுவதற்குள் விண்ணப்பித்துவிடுங்கள்.