வரைபடம் ஏன் மெதுவாக வருகிறது?

அன்புள்ள ஐயா,

எங்கள் டெலிவரி செயலி ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்ற, தன்னார்வலர்கள் வரையும் இலவச உலக வரைபடத் தளத்திலிருந்துதான் வரைபடம் எடுக்கிறது. பல நேரம் படம் வரத் தாமதமாகிறது. 2024 டிசம்பரில் திருத்தம்கூடச் செய்ய முடியவில்லை. தன்னார்வலர்களை நம்பி இதை நடத்தலாமா? ஒரு பெரிய நிறுவனத்திடம் கொடுத்துவிட்டால் என்ன?

ஒரு வாசகர், திருச்சி

அன்புள்ள நண்பருக்கு,

டிசம்பரில் நடந்தது ஆம்ஸ்டர்டாம் சர்வர்களுக்கு இணைப்பு கொடுத்த நிறுவனத்தின் கோளாறு. அதற்குத் தன்னார்வலர்களைத் திட்டாதீர்கள்.

தாமதத்தைப் பற்றிப் பேசுவோம். வரைபடம் சின்னச் சின்னச் சதுரங்களாக வருகிறது. ஒரு படி பெரிதாக்கினால் ஒரு சதுரம் நான்காகும். பதினெட்டாம் படியில் உலகம் முழுவதற்கும் 6,800 கோடிக்கு மேல். அத்தனையையும் முன்கூட்டியே வரைந்து வைக்க முடியாது. யாராவது கேட்கும்போது வரைந்து, அடுத்து வருபவருக்காகச் சேமித்து வைக்கிறார்கள். நாலு பேர் பார்க்கும் தெரு தயாராக இருக்கும். ஆனால் ஒரு செயலி மாவட்டம் முழுவதையும், ஆளில்லாப் பொட்டல் உட்பட, மொத்தமாக இறக்கினால் ஒவ்வொரு சதுரத்தையும் புதிதாக வரைந்தாக வேண்டும். வாங்கியதைப் போனிலேயே வைத்துக்கொள்ளாமல் திரும்பத் திரும்பக் கேட்கும் செயலிகளும் உண்டு. மொத்தமாக இறக்காதே, வாங்கியதைச் சேமித்து வை, யார் கேட்கிறாய் என்று அடையாளம் சொல் என்று அவர்கள் விதியாகவே எழுதி வைத்திருக்கிறார்கள். படித்தீர்களா? உங்கள் செயலி இதில் எதைச் செய்கிறது?

2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையில் எந்தெந்தத் தெருவில் தண்ணீர் நிற்கிறது என்று மக்களே குறித்த வரைபடம் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பின் மேல்தான் எழுந்தது. வேளச்சேரியிலிருந்து என் அத்தை போனில் சொல்லச் சொல்ல நானும் குறித்தேன். பாதியில் லைன் போய்விட்டது. அவர் சொன்ன தெருக்களை முன்பே யாரோ வரைந்து பெயர் போட்டு வைத்திருந்தார்கள். அந்த ஆளுக்கு யாரும் சம்பளம் கொடுக்கவில்லை. அந்த மாதிரி ஒரு நாளில் சர்வர் உங்கள் வியாபாரத்துக்குச் சதுரம் வரைந்துகொண்டிருக்கக் கூடாது. எனக்குக் கோபம் வருவது அங்கேதான்.

பெரிய நிறுவனத்திடம் கொடுக்கும் யோசனையை விடுங்கள். தன்னார்வலர்களை மட்டுமே நம்பி இது நடக்கவில்லை; 2022-ல் சர்வர்களைப் பார்த்துக்கொள்ள ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்காரர்களே சம்பளத்துக்கு ஒரு பொறியாளரை எடுத்தார்கள். அதற்கே நன்கொடை வேண்டும்.

உங்கள் ஆதங்கம் புரிகிறது. வாடிக்கையாளர் காத்திருந்தால் உங்களுக்குத்தானே திட்டு விழும். தரவு எல்லோருக்கும் இலவசம். தென்னிந்தியாவுக்கான பகுதியை மட்டும் இறக்கி, உங்கள் சர்வரிலேயே சதுரங்களை வரைந்துகொள்ளுங்கள். முடியாவிட்டால் அதைக் காசுக்குச் செய்துதர ஆட்கள் இருக்கிறார்கள். எதைச் செய்தீர்கள் என்று எனக்கு எழுதுங்கள்.